ஒரு மாத்திரை போய் உட்காரும் இடம்

என் வேலையை விளக்கிச் சொல்லி ஒருவரையாவது திருப்திப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. அடையாறில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன் என்றால் "ஓ, டாக்டரா" என்பார்கள். பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் உண்டுதான், ஆனால் தலைவலிக்குக்கூட மாத்திரை எழுதத் தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டு மாமி ஒருமுறை ரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கையை விரித்ததும், "பின்ன என்னதான்மா பண்றே அங்கே?" என்று கேட்டார். படம் எடுக்கிறேன் என்றேன். எதை என்றார். ஒரே ஒரு புரதத்தை, வருஷக்கணக்காக, என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

என் கணவர் இதையே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. நாள் முழுக்கப் பேச்சுதான் தொழில். "எங்க வீட்டம்மா ஒரே ஆளைத்தான் போட்டோ எடுக்கிறாங்க, அந்த ஆளு இன்னும் சிரிக்கல" என்று முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரர். அவர் வீட்டில் கடலுக்குப் போகாமல் கடைக்குப் போன முதல் ஆள். நான் ஆதம்பாக்கம். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம், அது பழைய கதை.

அந்தச் சிரிக்காத ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காசநோய்க் கிருமிக்கு மெழுகு மாதிரி தடித்த ஒரு உறை உண்டு. அந்த உறையைப் போர்த்திக்கொண்டுதான் அது நம் உடம்புக்குள் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. உறைக்கு நீள நீளமான கொழுப்புச் சங்கிலிகள் வேண்டும். சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஒவ்வொரு தடவை நீளும்போதும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கும். அதைச் செய்து முடித்து அடுத்த சுற்றுக்கு அனுப்புவது ஒரு நொதி. ஆய்வுக்கூடத்தில் அதை இன்-ஹெச்-ஏ என்போம். நான் படம் எடுப்பது அதைத்தான்.

கேமராவால் எடுக்கிற படமல்ல. தீங்கில்லாத வேறொரு பாக்டீரியாவுக்குள் அந்த நொதியை மட்டும் தயாரிக்க வைத்து, பிரித்தெடுத்து, துளித்துளியாகத் தட்டில் வைத்துக் குளிர் அறையில் விடுவோம். அதிர்ஷ்டம் இருந்தால் படிகம் வளரும். அதன்மீது எக்ஸ் கதிர் பாய்ச்சினால் புள்ளிகள் விழும். புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டால் திரையில் நீல வலை மாதிரி ஒரு வடிவம் எழும்பும். அந்த வலைக்குள் அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போனால், கடைசியில் நொதியின் உருவம் கண்முன் சுழலும்.

அதன் நடுவில் ஒரு குழி இருக்கிறது. நீளும் கொழுப்புச் சங்கிலி அதற்குள் லாடம்போல வளைந்து உட்காரும். நேராக உட்கார இடமில்லை என்று குழியே அதை வளைத்து வைத்துக்கொள்கிறது. அதைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. நான் அவ்வளவாகக் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, அதற்குள் இவ்வளவு அழகான ஒரு அறை, அதுவும் நம்மைக் கொல்வதற்கு. எரிச்சலும் பிரமிப்பும் ஒன்றாக வந்தன.

அந்தக் குழியை அடைக்கும் மருந்து ஐசோநியசிட். பழைய மருந்து, மலிவானது. அதை நேராக என் நொதியோடு கலந்தால் ஒன்றும் ஆகாது. கிருமிக்குள் இருக்கும் வேறொரு நொதிதான் அதை உடைத்துக் கூராக்குகிறது. அந்தக் கூரான துண்டு, என் நொதியின் குழியடியில் வேலைக்கு உதவியாக இருக்கும் ஒரு துணை மூலக்கூறைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றாகி அங்கேயே தங்கிவிடும். சங்கிலிக்கு இடமில்லை, உறைக்கு நூல் இல்லை. தன்னைக் கொல்லும் பொருளைக் கிருமியே தன் கையால் தயார் செய்துகொள்கிறது. இதை எத்தனையோ முறை வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரு முறைகூட எனக்கு அலுத்ததில்லை.

ஒரு டிசம்பரில் என் கணவருக்கு இருமல் வந்தது. கடையில் பொங்கல் கூட்டம், ஏசி குளிர், புதுத் துணியின் தூசு, அந்த மாதத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை. கஷாயம் வைத்தேன், ஆவி பிடித்தார். இருமல் போகவில்லை, எடைதான் போனது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, "பாத்தியா, ஜிம்முக்குப் போகாமலே" என்றார். நான் சிரித்தேன். சாயங்காலங்களில் லேசாகக் காய்ச்சல் வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. மந்தைவெளிப் பக்கம் மார்புநோய் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் என்றார். முக்கியமான மருந்து ஒன்று வேலை செய்யும் என்று முதல் சோதனையிலேயே தெரிந்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

செங்கல் நிறத்தில் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அதில் ஒன்று ஐசோநியசிட். அவர் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு அண்ணாந்தபோது நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த பொருள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் வாய்க்குள் போகிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது. அவரிடம் சொன்னேன். "உனக்குப் புல்லரிக்குது, எனக்குக் குமட்டுது" என்றார்.

அவருடைய அக்கா கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டில் மீன் விற்பவர். விஷயம் தெரிந்ததும் கூடையோடு நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் எட்னு வந்துக்கீற. அந்தக் கருமத்த வச்சிக்கினுதானே அங்க வேலை செய்ற? உன் துணில ஒட்டிக்கினு வந்து எந்தம்பிக்குப் பூந்துடுச்சி."

"அக்கா, அந்தக் கிருமிய நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல" என்றேன்.

"கத வுடாத. ஊருக்கே தெரியும் நீ இன்னா ஆராய்ச்சி பண்றேன்னு. மொதல்ல அந்த வேலைய வுடு."

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்துவிடும். அன்றும் வந்தது. கிருமியை யாரும் தொடுவதில்லை, அதன் ஒரே ஒரு உறுப்பைத்தான் வேறு இடத்தில் செய்து எடுக்கிறோம், அதுவும் உயிரில்லாத பொருள் என்று கத்தினேன். அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. அவர் போன பிறகு பார்த்தால், கோபத்தில் நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. உண்மையிலேயே நான் அந்தக் கிருமியைச் சந்தித்ததே இல்லை. அதன் வீட்டுக்குள் ஒரு அறையின் மூலைமுடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி, வீட்டுக்காரன் முகம் தெரியாது. இப்போது அவன் என் கணவரின் நுரையீரலில் குடியிருக்கிறான்.

சில வாரங்கள் கழித்து மருத்துவர் மறுபடி கூப்பிட்டார். முதல் சோதனையில் தெரியாத விஷயங்களைப் பார்க்க இன்னொரு சோதனைக்கு அனுப்பியிருந்தார், அதன் முடிவு வந்திருந்தது. ஐசோநியசிட் இவருடைய கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. நிதானமாக, பொறுமையாக விளக்கினார்: "இதுல ரெண்டு விதம் உண்டும்மா. ஒண்ணு, கிருமி அந்த மருந்தைக் கூராக்குறதையே நிறுத்திடும். அப்ப இந்த மருந்தால பெருசா பிரயோஜனமில்ல. இவருக்கு அது இல்ல. இவருக்கு மாறியிருக்கிறது வேற ஒரு இடம். இன்-ஹெச்-ஏன்னு ஒரு ஜீன், அதுக்கு முன்னால இருக்கிற பகுதி."

அந்தப் பெயரை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பெயர் தெரியுமே. "உன் ஆளு" என்றார் மெதுவாக. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று சோதனைத் தாளை வாங்கிப் படிக்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். இவருக்கு விளக்குவதற்கா, எனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதற்கா தெரியவில்லை. தம்பிக்கு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அக்காவும் வந்திருந்தார். என்னோடு பேச்சில்லை, ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழியைக் காட்டினேன். மருந்து உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காட்டினேன்.

"இந்த ரூம்பு மாறிப்போச்சா இப்ப? அதான் மருந்து உள்ள போவலையா?" என்று கேட்டார் கணவர்.

"ரூம் மாறல. அப்படியேதான் இருக்கு. மருந்து இப்பவும் அழகா உக்காரும். இந்த நொதிய எவ்வளவு செய்யணும்னு ஒரு கணக்கு உண்டில்ல, அது மாறிடுச்சு. உங்க கிருமி இதை நிறைய நிறைய செஞ்சு தள்ளுது."

அவர் திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அப்ப ஆடித் தள்ளுபடி கேஸுதான் இது. பில்லு போடுற கவுண்டர்ல ஒரு ஆளு வந்து நின்னுக்கினு நகரவே மாட்டேன்றான். பின்னால வர்றவன் எல்லாம் துணியக் கையில வச்சிக்கினு முழிக்கிறான். மொதலாளி பாத்தாரு, நாலு கவுண்டர் சேத்துத் தொறந்துட்டாரு. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"நீயும் நாலு ஆள சேத்து அனுப்பு."

மருத்துவர் சொல்லியிருந்ததும் அதைத்தான். ஐசோநியசிடை நிறுத்தாமல் அளவைக் கூட்டிக் கொடுக்கலாம், கூடவே வேறொரு மருந்தும் சேர்க்கலாம் என்றார். ஆனால் பலன் தெரிய நாளாகும், உறுதியாக இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அக்கா திரையில் சுழன்றுகொண்டிருந்ததைக் கடைசிவரை பார்த்தார். "இத்தயா இவ்ளோ நாளா பாத்துக்கினு இருந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரசத்தை ஊற்றிவைத்துவிட்டுப் போனார்.

கூடுதல் மாத்திரை தனியாக வந்தது. வெள்ளையாக, சின்னதாக, வேறு எதுவும் கலக்காத ஐசோநியசிட். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "குடு, ஆறிடப் போவுது" என்று அவர் பிடுங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. மாத்திரை பாதி வேலை செய்தால் மீதியைச் சாப்பாடு செய்ய வேண்டும். தம்பி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான். ஒரு மதியம் கானாங்கெளுத்தி வாங்கி, எண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்து எடுத்து வந்தார். சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு அதுதான் பிடிக்கும். அவரே பரிமாறினார், நாங்கள் மூன்று பேருமே சாப்பிட்டோம். ரொம்ப நாளைக்குப் பிறகு என் கணவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

கை கழுவிவிட்டு வந்த கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமும் கழுத்தும் குங்குமமாகச் சிவந்திருந்தன. தலை வெடிக்கிறது என்றார். நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்தது. அக்கா, "நைனா, இன்னாடா ஆச்சு" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கூட்டிய அளவு தாங்கவில்லையோ, ஈரல் கெட்டுப்போனதோ, மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நிறுத்தினால் பிறகு என்ன இருக்கிறது என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம்.

மருத்துவர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, "மத்தியானம் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார். அக்காதான் சொன்னார். மருத்துவர் தலையை ஆட்டிக்கொண்டார். சில மீன்களில், கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களில், ஒரு பொருள் கொஞ்சம் சேர்ந்துவிடும், நம் குடலில் இருக்கும் ஒரு நொதி அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும், அதனால் நமக்குத் தெரிவதில்லை, இந்த மாத்திரை அந்த நொதியையும் தடுத்துவிடுகிறது என்றார். சில மணி நேரத்தில் சரியாகிவிடும், மருந்தை நிறுத்தத் தேவையில்லை, இந்த மீனைத்தான் நிறுத்த வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் இவ்வளவு சாப்பிடுவதில்லை என்பதால் விட்டுப்போயிற்று என்று வருத்தப்பட்டார்.

"காலையில கரைக்கு வந்த மீனும்மா அது" என்றார் அக்கா. "கெட்டுப் போனத எந்தம்பிக்கு ஆக்குவனா?"

"மீன் மேல தப்பில்லம்மா. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கையால போட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் துளிகூட இல்லை. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூலக்கூறின் ஒவ்வொரு அணுவும் எனக்குத் தெரியும் என்று இறுமாப்போடு இருந்திருக்கிறேன். அது ஒரே ஒரு இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். இவர் உடம்பிலோ அது ரத்தத்தோடு ஊரெல்லாம் சுற்றுகிறது, போகிற இடத்திலெல்லாம் எந்தக் கதவையோ தட்டிப் பார்க்கிறது. கிருமியின் கதவும் அதற்கு ஒன்றுதான், என் கணவரின் குடலில் இருக்கும் கதவும் ஒன்றுதான். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னப் பொருள், இரண்டையும் நினைக்க நினைக்க எனக்குத் தலை சுற்றியது. உள்ளே அவர் நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா தினமும் வர ஆரம்பித்தார். காலையில் மீன் ஏலம் முடிந்து, கடை போடுவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தம்பி முன்னால் உட்காருவார். மாத்திரைகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்ப்பார். "வாயத் தொற" என்பார். "நாக்கத் தூக்கு" என்பார். ஐம்பதை நெருங்கும் மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார். என்னிடம் எந்த மீன் கூடாது, எது சரி என்று விசாரித்துக்கொண்டு, சங்கராவோ கெழங்கானோ இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போவார். வேலையை விடச் சொன்ன பேச்சை மறுபடி எடுக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குள் மருந்து உட்கார்ந்திருக்கிறது என்று உனக்குத் தோன்றினால், முதலில் அதை, அணுக்களைப் பொருத்திச் செய்த மாதிரி உருவத்திலிருந்து எடுத்துவிட்டுக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். நீ வைக்காமலேயே வலையில் அந்த வடிவம் எழும்பினால்தான் அது அங்கே இருக்கிறது. இல்லையென்றால் நீ ஆசைப்பட்டதை நீயே பார்த்துக்கொண்டிருக்கிறாய். இவர் விஷயத்தில் அப்படிச் செய்ய முயன்றேன். இன்று இருமல் குறைவா, கன்னத்தில் சதை போட்டிருக்கிறதா, இல்லை நான் ஆசைப்படுகிறேனா? என் ஆசையை எடுத்துவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. எதை எடுத்தாலும் அதுவும் கூடவே வந்தது.

அதனால் சளிச் சோதனைக்குத்தான் காத்திருந்தோம். சளியிலிருந்து கிருமி வளர்கிறதா என்று பார்க்கப் பல வாரங்கள் விட்டுவைப்பார்கள். கடைசியில் மருத்துவர் கூப்பிட்டு, எதுவும் முளைக்கவில்லை என்றார். மறு மாதமும் முளைக்கவில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு எங்காவது அசையாமல் பதுங்கியிருக்கும், சொன்ன காலம் வரைக்கும் மாத்திரையை விடக்கூடாது என்றார். அக்காவிடம் அப்படியே சொன்னேன். "நா வுடுவனா" என்றார்.

விடவில்லை. மழை வெளுத்து வாங்கிய நாளிலும் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வந்தார். கடைசி மாத்திரை போன அன்று நாங்கள் கொண்டாட்டம் எதுவும் செய்யவில்லை. எக்ஸ்ரேவைக் காட்டி மருத்துவர் சரி என்றார், வீட்டுக்கு வந்து தூங்கினோம். என் கணவர் அடுத்த நாள் கடைக்குப் போவதற்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அக்கா.

"அக்கா, நேத்தோட முடிஞ்சிடுச்சே. சொன்னனே" என்றார் அவர். "இனிமே மாத்திரை கிடையாது."

"தெரியும்டா" என்றார் அக்கா. ஆனால் உள்ளே வந்து எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சும்மா ஒருக்கா வாயத் தொறடா" என்றார்.

அவர் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு வந்து, அக்கா முன்னால் குனிந்து வாயைத் திறந்தார். நாக்கையும் தூக்கிக் காட்டினார். அக்கா எட்டி உள்ளே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. என் கணவர் வாயை மூடாமல் அப்படியே நின்றார்.